பக்கவாட்டில் போகிற லிஃப்ட்

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் அக்கா, கார் ஆகிய மூவரும் நலம். அங்கே நீங்கள், உங்கள் மனைவி, ஆபரேஷன் ஆன உங்கள் இதயம் ஆகிய மூவரும் நலமாக இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். பதினோரு வருடம் கழித்து எழுதுகிற கடிதம் என்பதால் மரியாதையாகத் தொடங்கியிருக்கிறேன். இந்த மரியாதை எத்தனை வரி தாங்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. நடுவில் 'நீ' வந்துவிட்டால் பொறுத்துக்கொள்ளவும்.

விஷயம் இதுதான். நாங்கள் உன் வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறோம். (வந்துவிட்டது பார்.) இது உன் அக்காவுக்குத் தெரியாது. கடல் பார்க்கப் போகிறோம் என்று சொல்லித்தான் அவளைக் காரில் ஏற்றினேன். உன் ஊரைத் தாண்டினால் கடல்தானே, அதனால் முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. உங்கள் அம்மா போன பிறகு, அவருடைய தையல் மெஷினை அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நீ பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்தாய். "இனிமே உன் வாசலை மிதிக்கமாட்டேன்டா" என்றாள் அவள். "மிதிக்க வேணாம், போ" என்றாய் நீ. நான் நடுவில் நின்றுகொண்டு, "எல்லாரும் உக்காந்து ஒரு காபி குடிக்கலாமே" என்றேன். என்னை யார் மதித்தீர்கள்? போன மாதம் அவளுடைய சிநேகிதி ஒருத்தி போனில் பேசும்போது, உனக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆகி நாலு மாதம் ஆகிறது என்று போகிற போக்கில் சொல்லிவிட்டாள். உன் அக்கா போனை வைத்தாள். நேராகச் சமையலறைக்குப் போய், இரண்டு பேர் இருக்கிற வீட்டில் எட்டுப் பேருக்கு கேரட் நறுக்கினாள். மூன்று நாள் கேரட்டே சாப்பிட்டோம். மூன்றாம் நாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது முடிவு செய்தேன், என்ன ஆனாலும் சரி, இவளை உன் எதிரில் கொண்டுவந்து நிறுத்திவிடுவது என்று.

ஏன் கார் என்று கேட்பாய். ரயில் டிக்கெட்டில் ஊர்ப் பெயரை அச்சடித்துத் தொலைத்துவிடுகிறார்கள். பஸ் என்றால் நெற்றியிலேயே எழுதி ஒட்டியிருக்கும். கார் ஒன்றில்தான் எங்கே போகிறது என்று எங்கேயும் எழுதியிருக்காது. எனக்கு ஏது கார் என்று அடுத்து கேட்பாய். நான் லிஃப்ட் ஓட்டிய கட்டடத்தின் ஏழாம் மாடிப் பல் டாக்டர் வெளிநாடு போகும்போது சாவியை என் கையில் வைத்து, "முப்பத்தி நாலு வருஷம் என்னை ஏத்தி இறக்கினீங்க, இனிமே இதுல நீங்க போங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் ரிட்டயர் ஆன வாரமே லிஃப்டைத் தானே ஓடுகிற மாதிரி மாற்றிவிட்டார்கள், உனக்குத் தெரிந்திருக்காது. என் ஸ்டூலைக்கூட எடுத்துவிட்டார்கள். டிரைவிங் சொல்லிக்கொடுத்த மனுஷன் முதல் நாளே, "ஐயா, ஸ்டீயரிங் எதுக்கு இருக்குன்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டார். முப்பத்தி நாலு வருடம் நான் ஓட்டிய வண்டியில் திரும்புகிற பேச்சே கிடையாது, நான் என்ன செய்வேன்?

ஆனால் ஒன்று சொல்கிறேன், காரில் நெடுந்தூரம் போவது என்றால் என்ன என்று எனக்கு யாருமே சொல்லவில்லை. நீயாவது சொல்லியிருக்கலாம், உன்னிடம் கார் இருக்கிறது. என் லிஃப்டுக்கு ஜன்னல் கிடையாது. ஒரு ஸ்டூல், ஒரு கைப்பிடி, தலைக்கு மேலே ஒரு சின்ன மின்விசிறி, எதிரில் 'எட்டுப் பேர் மட்டும்' என்று ஒரு தகடு. பன்னிரண்டாம் மாடியோடு உலகம் முடிந்தது. இங்கே என்னடா என்றால் ஒரு மேடு ஏறி இறங்குகிறோம், அந்தப் பக்கம் கண்ணுக்கு எட்டிய மட்டும் சூரியகாந்தி. அடேயப்பா! யாரும் கேட்காமல், யாரும் பார்க்காமல், அது பாட்டுக்குப் பூத்துக் கிடக்கிறது. இன்னொரு இடத்தில் ஒரு மேகத்தின் நிழல் ரோட்டில் எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டே இருந்தது. நாங்கள் அதைப் பிடித்தோம், அது எங்களைப் பிடித்தது, பத்து நிமிடம் அதே விளையாட்டு. இதையெல்லாம் விடு. மழை எங்கே தொடங்குகிறது என்று நீ பார்த்திருக்கிறாயா? நான் பார்த்தேன். ரோட்டில் ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் காய்ந்த தார், அந்தப் பக்கம் கொட்டு கொட்டென்று கொட்டுகிறது. காரின் மூக்கு நனைந்துவிட்டது, வால் நனையவில்லை. என்னால் நம்ப முடியவில்லை. ரிவர்ஸ் எடுத்து வெயிலுக்கு வந்தேன். மறுபடி மழைக்குள் போனேன். மறுபடி வெயில். மூன்றாம் தடவை உன் அக்கா சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு இல்லை, நல்லா, தோள் குலுங்க. அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை வருடம் ஆயிற்று தெரியுமா? நாலாவது தடவையும் ரிவர்ஸ் எடுத்தேன்.

இரண்டு நாள் பயணம் இது. இன்றைக்கு ஆறாம் நாள். அதற்கான காரணத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், சிரிக்காதே. முதல் நாள் ரோட்டோரம் ஒருவர் பையோடு நின்றுகொண்டிருந்தார். ஒரு ஆள் நிற்கிறார் என்றால் நிறுத்த வேண்டும், கதவைத் திறக்க வேண்டும். என் கைக்கு வேறு எதுவும் தெரியாது. நிறுத்தினேன், கண்ணாடியை இறக்கினேன், "எந்த மாடி?" என்று கேட்டேன். அவர் மாட்டு டாக்டர். பாவம், பைக் பஞ்சராகி நின்றிருக்கிறார். "மாடியெல்லாம் இல்லீங்க, மாட்டுப் பண்ணைக்குப் போகணும்" என்றார். ஏற்றிக்கொண்டேன். மெயின் ரோட்டை விட்டு உள்ளே இருபது கிலோமீட்டர். வழியெல்லாம் பசுவின் நாலு வயிற்றைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். நாலு வயிறாம்! அறுபத்தி மூன்று வருடம் இது தெரியாமலே பால் குடித்திருக்கிறேன். அவரை இறக்கிவிட்டுத் திரும்பினேன். மெயின் ரோட்டுக்கு வந்து உன் ஊர்ப் பக்கம் போகாமல், வந்த வழியே போய், அவரை எங்கே ஏற்றினேனோ அதே இடத்தில் கொண்டுபோய் வண்டியை நிறுத்தி, கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தேன். ஐந்து நிமிடம் கழித்துத்தான் எதற்கு உட்கார்ந்திருக்கிறேன் என்று எனக்கே உறைத்தது. ஆளை இறக்கியதும் லிஃப்ட் கீழே வந்துவிட வேண்டும், அதுதான் எங்கள் கட்டடத்து விதி. நல்லவேளை, உன் அக்கா ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். சத்தம் போடாமல் வண்டியைக் கிளப்பினேன்.

ஒரு தடவை என்றால் பரவாயில்லை. ஒவ்வொரு தடவையும் அப்படியே நடந்தால் மனுஷன் என்ன செய்வது? மூன்றாம் நாள் பெண்கள் கால்பந்து அணி ஒன்று வேன் பழுதாகி ரோட்டில் நின்றது. பதினோரு பேர். ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு, மிச்சம் இருந்தவர்களைப் பார்த்து, "தள்ளி நில்லுங்கம்மா, அடுத்த ட்ரிப்ல வரேன்" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு போகாமல் இருக்க முடியுமா? ஒரு பக்கம் முப்பது கிலோமீட்டர். மூன்று ட்ரிப் அடித்தேன். கடைசி ட்ரிப்பில் கோல் கீப்பர் மட்டும்தான், அவள் வந்து சேர்ந்த பிறகுதான் ஆட்டத்தையே தொடங்கினார்கள். இரண்டுக்கு ஒன்று ஜெயித்தார்கள். உன் அக்கா மைதானத்து ஓரத்தில் நின்று, "ஏய், அந்தச் சிவப்புச் சட்டையை விடாத, பிடி!" என்று கத்தினாள். இரண்டு நாளைக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. ஆட்டம் முடிந்ததும் நான் எங்கே போனேன் என்று நீயே ஊகித்துக்கொள். அந்தப் பழுதான வேன் பக்கத்தில் போய் நின்றேன். அதன் டிரைவர், "யாரு பாக்கி சார்?" என்று கேட்டார்.

நேற்று ஒரு மலைச் சாலையில் ரேடியேட்டர் கொதித்துப் புகை விட்டது. தள்ளிக்கொண்டு வந்து ஒரு மெக்கானிக்கிடம் விட்டிருக்கிறேன். அவருடைய ஷெட்டுக்கு மேலேயே இருக்கிற அறையில்தான் தங்கியிருக்கிறோம். இரண்டு கட்டில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, பெயிண்ட் அடித்ததில் ஒட்டிக்கொண்டு திறக்க மறுக்கிற ஒரு ஜன்னல். அந்த மெக்கானிக் காரின் மீட்டரைப் பார்த்தார், நாங்கள் புறப்பட்ட ஊரைக் கேட்டார், மறுபடி மீட்டரைப் பார்த்தார். "சார், ஓடின தூரத்துக்கு நீங்க நாட்டையே தாண்டியிருக்கணுமே, இன்னும் இங்கதான் இருக்கீங்களா?" என்றார். உன் அக்கா பக்கத்திலேயே நின்றாள். மீட்டர் பழசு, ஏதோ குளறுபடி என்று சொல்லிச் சமாளித்தேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. இந்த மாதிரி விஷயமெல்லாம் அவளுக்கு அவ்வளவாகப் புரியாது.

இப்போது சொல்லப்போவதுதான் முக்கியம், கவனமாகப் படி. லிஃப்டில் எல்லோரும் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், ஒருவரும் வாயைத் திறக்கமாட்டார்கள். காரிலும் எல்லோரும் முன்கண்ணாடியைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறோம். ஆனால் அங்கே வராத பேச்சு இங்கே வருகிறது. முகத்துக்கு முகம் பார்க்காமல் மணிக்கணக்கில் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருந்தால், உள்ளே இருப்பதெல்லாம் வெளியே வந்துவிடுகிறது. நாலாம் நாள், மரம்கூட இல்லாத நேர் ரோடு. திடீரென்று உன் அக்கா, என்னைப் பார்த்து அல்ல, ரோட்டைப் பார்த்துச் சொல்கிறாள்: "அவனை இடுப்புல தூக்கிக்கிட்டுத்தான் நான் ஸ்கூலுக்குப் போவேன். அம்மாவுக்கு வேலை, பார்த்துக்க ஆளில்ல. பெஞ்சுக்கு அடியில உக்கார வச்சுடுவேன். சத்தமே போடமாட்டான். சாக்பீஸ் தின்னுக்கிட்டு இருப்பான். டீச்சர் கேட்டா நான்தான் தின்னேன்னு சொல்லிடுவேன்." அவ்வளவுதான் சொன்னாள். பதினோரு வருடத்தில் உன்னைப் பற்றி அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது. நான் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டினேன். நடுவில் குறுக்கே பேசிக் காரியத்தைக் கெடுத்துவிடக் கூடாது என்று, மூக்கு நுனிக்கு வந்த தும்மலைக்கூட அடக்கிக்கொண்டேன்.

எனவே மச்சான், உன்னைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு நாங்கள் உன் தெருவுக்குள் வருவோம். நீ கேட்டில் தற்செயலாக நிற்க வேண்டும். பேப்பர் படிக்கிற மாதிரி நில், இல்லை செடிக்குத் தண்ணீர் ஊற்று, உன் இஷ்டம். எங்களைப் பார்த்ததும் ஆச்சரியப்பட வேண்டும், ஆனால் ரொம்பவும் ஆச்சரியப்பட்டால் கண்டுபிடித்துவிடுவாள். நான் ஏற்கெனவே ஆச்சரியப்பட்டுப் பழகிக்கொண்டிருக்கிறேன். தையல் மெஷின் பேச்சை எடுக்காதே. தப்பித் தவறிக்கூட 'போ' என்று சொல்லாதே. அந்த ஒரு சொல்லை மட்டும் அவள் இன்னொரு தடவை தாங்கமாட்டாள்.

இந்தக் கடிதத்தைப் பல் டாக்டருக்கு எழுதிய நன்றிக் கடிதம் என்று சொல்லி, உன் அக்காவிடமே கொடுத்துத் தபாலில் போடச் சொல்லப் போகிறேன். கண்ணாடி போடாமல் அவளால் முகவரி படிக்க முடியாது. உன் குடும்பம் நீண்ட நாள் நல்லபடியாக இருக்கட்டும். உன் நெஞ்சு நின்று நிதானமாக அடிக்கட்டும். உன் மனைவிக்கு என் அன்பைச் சொல்.

இப்படிக்கு,
வழியில் இருக்கிற உன் அக்கா வீட்டுக்காரர்

பின்குறிப்பு:

தம்பி, இது நான். மேல இருக்கிற கையெழுத்து அவரோடது. கண்ணாடி என் பையிலதான் இருந்துச்சு. கவரைப் பிரிச்சுப் படிச்சேன், தபால்ல போடல.

கடல் பார்க்கப் போறோம்னு சொன்னப்பவே எனக்குத் தெரியும். இவர் பொய் சொன்னா சட்டைப் பட்டனைத் தடவுவார். தூங்கிட்டேன்னு எழுதியிருக்காரே, நான் ஒரு நாளும் தூங்கல. மாட்டு டாக்டரை இறக்கிவிட்டுட்டு வண்டியைத் தப்பான பக்கம் திருப்பினப்பவே பார்த்தேன். "ஏங்க, எங்க போறீங்க"ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா ரெண்டாம் நாளே உன் வீட்டுக்கு வந்திருப்போம். கேட்கல. கண்ணை மூடிக்கிட்டேன். ஒவ்வொரு தடவையும் அவர் உன் வீட்டைத் தூரமாக்கினப்போ எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. அந்தக் கால்பந்துப் பொண்ணுங்களைப் பார்த்து, "ஐயோ பாவம், நிறுத்துங்க"ன்னு சொன்னதே நான்தான். அதை அவர் மறந்துட்டார்.

பயம்டா. நீ மறுபடியும் போன்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு பயம். மெஷின் போனா போகட்டும். உன் நெஞ்சைக் கிழிச்ச அன்னிக்கு என்னைக் கூப்பிடணும்னு உனக்குத் தோணலையே, அதுதான் எனக்கு ஆறல. அப்புறம் யோசிச்சேன். கூப்பிட்டு நான் வரமாட்டேன்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு நீயும் பயந்திருப்ப.

சனிக்கிழமை நாலு மணி நாடகமெல்லாம் வேண்டாம். இன்னிக்கு வியாழக்கிழமைதான். காலையில வண்டி ரெடியாச்சு, எல்லாத் திருப்பத்துலயும் நானே வழி சொன்னேன், யார் கை காட்டினாலும் நிறுத்த விடல. இப்ப உன் தெருவுல நிக்கிறோம். "பல் டாக்டர் வீடு இதுதானா?"ன்னு அவரைக் கேட்டேன். மனுஷனுக்கு வேர்த்து ஊத்துது, பட்டனைத் தடவிக்கிட்டு உக்காந்திருக்கார். உன் தபால் பெட்டி மதிலுக்கு வெளியிலதான் இருக்கு, கையை நீட்டி இதைப் போட்டுட்டு ஹாரன் அடிக்கச் சொல்றேன்.

சொன்னது சொன்னதுதான், உன் வாசலை நான் மிதிக்கமாட்டேன். காரை விட்டே இறங்கமாட்டேன். நீ வந்து ஏறிக்கோ. என் பக்கத்துல உக்காரு, கடல் வரைக்கும் போயிட்டு வருவோம். மாத்திரையெல்லாம் எடுத்துக்கோ. வண்டி ஓட்டறது அவர், எப்படியும் நாலு நாள் ஆகும்.