சத்தம் போடாமல் கார் பழக்கிய ஞாயிற்றுக்கிழமை

நான் நல்ல தகப்பன்தான், காருக்கு வெளியே நிற்கும்வரைக்கும். மகள் ஓட்ட, நான் பக்கத்து சீட்டில் இருந்தேனென்றால் என்னைப்போல் ஒரு மோசமான பிறவியை வெள்ளவத்தையில் தேடிப் பிடிக்க முடியாது. (இந்த வரியை வாசித்த என் மனைவி, "வெள்ளவத்தையில மட்டுமோ?" என்று கேட்டாள்.)

குற்றத்தில் ஒரு பங்கு என் உத்தியோகத்துடையது. ஒரு காப்புறுதிக் கம்பனியில் வாகன விபத்துக் கோப்புகளைப் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். நொறுங்கிய கார்களின் படங்களைப் பார்த்தபடியே மத்தியானச் சோறு தின்கிறவன். பாமன்கடைச் சந்தி என்றால் மற்றவர்களுக்கு மரக்கறிக் கடை ஞாபகம் வரும். எனக்கு ஒரு முச்சக்கர வண்டியும் அதன் மேல் ஏறிய தண்ணீர் பவுசர் லொறியும்தான் ஞாபகம் வரும்.

ஆகவே மகள் துவாரகா பதினெட்டு வயதில் கார் பழகத் தொடங்கியபோது நான் பழக்கவில்லை, கத்தினேன். என் பக்கத்தில் இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துக் கால்விரிப்பில் ஓட்டை போட்டேன். பஸ் வந்தால் கத்தினேன். பஸ் வராவிட்டால், ஏன் வரவில்லை, எங்கே ஒளிந்து நிற்கிறது என்று கத்தினேன். கார் நிறுத்தியிருந்தபோதும் ஒருமுறை கத்தியிருக்கிறேன். அவளோ நிதானமான பிள்ளை. என் குரலைக் கேட்டுக் கையும் காலும் குழம்பித்தான் பிழை விடுவாள். அந்தப் பிழையைக் காட்டி நான் இன்னும் கத்துவேன்.

லைசன்ஸ் பரீட்சைக்கு ஆறு நாள் இருக்கும்போது, மெரின் டிரைவில் கடலோரம் ரயில் ஒன்று வந்தது. அது பாட்டுக்குத் தண்டவாளத்தில் போனது. நான் ரயிலுக்கும் சேர்த்துக் கத்தினேன். துவாரகா காரை ஓரங்கட்டினாள். சாவியை என் மடியில் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்துவிட்டாள்.

மூன்று நாள் என்னோடு கதையில்லை. "தேத்தண்ணி மேசையில இருக்கு" என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். கடைசியில் மனைவி நடுவில் நின்று சமாதானம் பேச, ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தாள்.

"அப்பா இன்னொருக்காக் கத்தினா நான் ரோட்டில அப்படியே இறங்கிப் போயிடுவன். பிறகு ஸ்டியரிங்கைத் தொடவே மாட்டன்."

அவள் சொன்னால் சொன்னதுதான். அவள் கார் ஓட்டாவிட்டால் உலகம் ஒன்றும் கவிழாது. ஆனால் பிள்ளைக்குப் பயத்தைப் பழக்கியது நான்தான் என்ற எண்ணத்தோடு மிச்சக் காலத்தை எப்படிக் கழிப்பது? அதுதான் என்னை அரித்தது.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. கோயிலால் வந்து சாப்பிட்டுவிட்டு, அதே உடுப்போடு மூன்று மணிக்குப் புறப்பட்டோம். நான் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. அவள் வெள்ளைச் சுடிதார். காரும் வெள்ளை. (ஆண்டவன் ஒரு ஆளை மாட்டவைக்க நினைத்தால் நிறப்பொருத்தம்கூடப் பார்த்துத்தான் செய்வான்.)

கிருலப்பனைச் சந்தியில் ஒரு வரிசை கார்கள் மெல்ல வந்துகொண்டிருந்தன. எப்படி நடுவில் நுழைவது என்று துவாரகா தயங்க, ஒரு கார்க்காரர் நின்று, எங்களைப் பார்த்துத் தலையசைத்து, கையால் வாருங்கள் என்றார். கொழும்பில் ஒருவர் வழி விடுகிறார்! எனக்குப் புல்லரித்தது.

"முன்னால போற காருக்குப் பின்னால அப்படியே போ பிள்ளை. அவர் எவ்வளவு மெதுவாப் போறாரோ, அவ்வளவு மெதுவாப் போ" என்றேன்.

அதன்பிறகு நடந்ததெல்லாம் ஒரு கனவு. ஹோர்ன் இல்லை. யாரும் யாரையும் முந்தவில்லை. காருக்கும் காருக்கும் நடுவே, நான் இருபது வருடமாகக் கம்பனியிலிருந்து வண்டிக்காரருக்குக் கடிதம் கடிதமாக எழுதியும் எவரும் விடாத அந்த இடைவெளி. பேஸ்லைன் வீதி மரங்களின் நிழல் கண்ணாடியில் ஏறி, மடியில் விழுந்து, பின்சீட்டுக்குப் போனது. சந்தியில் பொலிஸ்காரர் மற்றப் பக்கத்து வாகனங்களை மறித்து எங்களைப் போகவிட்டார். பஸ்கூட ஒதுங்கி நின்றது. எங்கள் எல் போர்டுக்கு நாடு காட்டும் மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். மெல்லிய காற்றில் கண் சொருகியது. செத்தால் போகிற இடம் இப்படித்தான் இருக்கும்போல என்றுகூட யோசித்தேன்.

"அப்பா, பட்டப்பகலில ஏன் எல்லாரும் லைட் போட்டிருக்கினம்?"

"பாதுகாப்பு உணர்ச்சி, பிள்ளை. படிச்ச ஆக்கள். நீயும் போடு."

அவளும் போட்டாள். அடுத்த வளைவில் வரிசையின் தலை தெரிந்தது. மலர்வளையங்கள் சாத்திய நீளமான கறுப்பு வண்டி. செத்தவீட்டுக்கு உடுக்கிற வெள்ளையில் எங்களைப் பார்த்து, உறவுக்காரர் என்று நினைத்துத்தான் வழி விட்டிருக்கிறார்கள்.

என் வாய் தானாகத் திறந்தது. நல்லகாலம், கண்ணாடி இறக்கியிருந்தது. எங்கள் பக்கமாக வெள்ளைச் சேலையில் நடந்து வந்த ஒரு அம்மா என் கண்ணுக்குள்ளேயே பார்த்தா. செத்தவீட்டில் எப்படிக் கத்துவது? வந்த சத்தத்தை விழுங்கினேன்.

"பிள்ளை," என்றேன், எனக்கே கேட்காத குரலில். "இது செத்தவீடு. இப்ப விலத்தினா மரியாதையில்லை. பதறாத. மெல்லமாப் போ."

"ஓம் அப்பா."

அவள் பதறவில்லை. பொரளை மயானத்து வாசலில் கியரை மாற்றித் திரும்பினாள், கார் ஒருமுறையும் துள்ளவில்லை. உள்ளே இரண்டு கார்களுக்கு நடுவே ரிவர்ஸில் விடவேண்டும். அதுவரை ஒருநாளும் அவளுக்குச் சரிவராத வேலை. "கொஞ்சம் வலம்... இன்னும் கொஞ்சம்... போதும் ராசாத்தி" என்று நான் முணுமுணுக்க, ஒரே தரத்தில் விட்டுவிட்டாள். எஞ்சினை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"உங்களுக்கு இப்படிக் கதைக்கவும் தெரியுமோ?"

"எனக்குப் பயம் பிள்ளை. அதுதான் கத்துறனான்."

"தெரியும். எனக்கும் பயம்தான். ரெண்டு பேரும் ஒரே நேரத்தில பயந்தா, காரை ஆர் ஓடுறது?"

அதற்குள் கார்க் கதவில் தட்டும் சத்தம். அழுது வீங்கிய முகத்தோடு ஒருவர். "அய்யே, பொட்டக் அல்லன்ன" என்றார் சிங்களத்தில். கொஞ்சம் பிடியுங்கள் என்கிறார். எதை என்பது இறங்கிய பிறகுதான் விளங்கியது. பெட்டி தூக்க ஒரு கை குறைந்திருந்தது.

தூக்கினேன். வேட்டி அவிழாமல் முழங்கையால் இடுப்பை இறுக்கியபடி, பெயர் தெரியாத ஒரு மனிதரைச் சுமந்தேன். நல்ல கனம். இறக்கி வைத்ததும், என்னைக் கூப்பிட்டவர், செத்தவரின் மகனாம், தன் தகப்பனை எனக்கு எப்படித் தெரியும் என்று சிங்களத்தில் கேட்டார். நான் பெட்டியைப் பார்த்துக் கைகூப்பினேன். அவர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். எனக்கும் அழுகை வந்துவிட்டது, உண்மையான அழுகை. காரடியில் துவாரகா உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

திரும்பும்போதும் அவள்தான் ஓட்டினாள். வெள்ளவத்தை வரைக்கும் நான் கிசுகிசுத்துக்கொண்டே வந்தேன். கதையைக் கேட்ட மனைவி என்னை வாசலிலேயே மறித்தாள். செத்தவீட்டுக்குப் போனவர்கள் குளிக்காமல் வீட்டுப்படி மிதிக்கக்கூடாது என்று, மாடிக்கட்டடத்தின் கீழே கார் கழுவுகிற பைப்பைக் காட்டினாள். மூன்றாம் மாடிவரை ஆட்கள் எட்டிப் பார்க்க, வேட்டியோடு நின்று முழுகினேன்.

புதன்கிழமை அவள் பாஸ். இப்போது வேலைக்குத் தானே ஓட்டிக்கொண்டு போகிறாள். அவள் விடும் இடைவெளியைப் பார்த்தால் பின்னால் வருகிறவர்களுக்கு எரிச்சல் வரும், எனக்கு நெஞ்சு நிறையும்.

இந்த வருடம் மகன் ஆரூரனுடைய முறை. என்னோடு பழக முதலில் மாட்டேன் என்றான். பிறகு அக்காவோடு என்னவோ கதைத்தான். அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் பேப்பரில் மரண அறிவித்தல் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு, வீடு முழுக்கக் கேட்கும்படி கேட்கிறான்:

"அப்பா, இண்டைக்குப் பொரளைப் பக்கம் ஆரும் போகினமோ? அப்பதான் நான் உங்களோட கார் பழகுவன்."

போன ஞாயிறு நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் முழுவதையும் ஆறுதலாக வாசித்தேன். பிறகு குரலை நன்றாகத் தாழ்த்திச் சொன்னேன்.

"மூண்டு மணிக்கு ஒண்டு இருக்கு. வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வா."