இரவல் சோபா

ஏழைக் குடும்பங்களை அரசாங்கத் திட்டங்கள் எப்படிப் பாதிக்கின்றன என்ற பாடத்தில் நான் ‘ஏ’ வாங்கியவள். அந்தத் திட்டம் எங்கள் வீட்டுக்கே வந்தபோதுதான் ஃபெயிலானேன்.

அம்மா மலேசியாவில் புலாவ் செபாங் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் பால் மரம் வெட்டியவர். முட்டி தேய்ந்தபின் மாதாமாதம் வந்த சமூகநல உதவியில்தான் எங்கள் அடுப்பு எரிந்தது. அதைத் தொடரலாமா என்று பார்க்க ஆபீசர் வருவதாகக் கடிதம் வந்தது. நான் பட்டம் வாங்கி நான்கு மாதம் ஆகியிருந்தது, வேலை கிடைக்கவில்லை. (திமிர் மட்டும் முழுநேரம்.)

வீட்டுக்கு ஆள் வந்தால் இல்லாததைக் காட்டக் கூடாது. எங்கள் லைன் வீடுகளில் அதுதான் வழக்கம். பக்கத்து வீட்டு சரோஜா அக்காவின் சோபாவை நாலு பேர் தூக்கி வந்தார்கள். அக்காவின் சங்கிலி அம்மாவின் கழுத்துக்கு வந்தது. கூரை ஒழுகிய கறையை என் பட்டமளிப்புப் படம் மறைத்தது. ஊன்றுகோலைக் கதவுக்குப் பின்னால் வைத்தேன்.

“கால் வலிக்குதுன்னு சொல்லட்டுமாடி?”

“சும்மா இரும்மா, மானம் போகுது.”

ஆபீசர் இளைஞர், தன்மையானவர். அவர் அம்மாவைக் கேட்ட கேள்விக்கெல்லாம் நானே முந்திக்கொண்டு சுத்தமான மலாயில் பதில் சொன்னேன். சாப்பாட்டுக்குப் போதுமா? போதும். நீங்கள் வேலை செய்கிறீர்களா? “ஆராய்ச்சித் துறையில்.” (வேலை தேடுவதும் ஆராய்ச்சிதானே.) அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு அடுப்படிவரை நடந்துபோய் முறுக்குத் தட்டைக் கொண்டுவந்தார்.

“வசதியான வீடு” என்றார் ஆபீசர். நான் நன்றி சொன்னேன்!

“நல்ல பையன் லா” என்றார் அம்மா.

அடுத்த மாதமே உதவி நின்றது. படிவத்தில் சோபாவுக்குக் கட்டம் இருந்தது. இரவல் சோபாவுக்கு இல்லை. ஆபீசுக்கு ஓடிப்போய், எல்லாம் பொய் என்று அழுதேன். கவுண்டரில் இருந்த அம்மையார் கோப்பைத் திருப்பிக் காட்டினார். அன்று ஆபீசர் எடுத்துப்போன படத்தில் சங்கிலியோடு அம்மா, பக்கத்தில் கால்மேல் கால் போட்டு நான்.

மேல்முறையீடு எழுதினேன். உதவி திரும்பி வர ஒரு வருடம் ஆனது. அதுவரை அம்மா ஒரு சாப்பாட்டுக் கடையில் நின்றுகொண்டே தட்டுக் கழுவினார். நல்லாயிருந்த முட்டியும் போய்விட்டது. அதற்காக என்னை ஒரு வார்த்தை திட்டியதில்லை.

இப்போது கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள் கூடினால் அம்மாவே ஆரம்பித்துவிடுவார். “எல்லாப் பிள்ளைங்களும் சம்பாரிச்சுத்தான் ஆத்தாள பணக்காரி ஆக்கும். எம்மவ வேலைக்கே போகாம, ஒரே மத்தியானத்துல ஆக்கிட்டா லா! கவர்மெண்டே கையெழுத்துப் போட்டுக் குடுத்துச்சு!”

எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பிறகு ஒரு பக்கம் நான், இன்னொரு பக்கம் சரோஜா அக்கா, இரண்டு பேருமாகப் பிடித்து அம்மாவை நாற்காலியிலிருந்து எழுப்புவோம்.