விஸ்வகர்மா பூஜையன்று வேலை பார்த்த தன்யன் அண்ணாச்சி

ஒரு மனிதன் தும்மினால்கூட அதில் ஒரு நிர்வாகப் பாடம் இருக்கிறது என்று கண்டுபிடித்தவர் எங்கள் தன்யன் அண்ணாச்சிதான். தும்மலுக்கே பாடம் என்றால் இருமலுக்கு என்ன கதி என்று கேட்காதீர்கள். அதை அவர் தொடராகவே எழுதினார்.

துறைமுகத்தில் வந்து இறங்கும் சரக்குக்குச் சுங்க அனுமதி வாங்கிக் கொடுக்கும் சின்னக் கம்பெனி எங்களுடையது. வங்காளத்துக் கிடர்பூரில், கீழே கிடங்கு, மேலே ஆபீஸ். நான் டாக்குமெண்ட் பார்க்கிறவள். அண்ணாச்சி துறைமுகத்துக்கும் ஆபீஸுக்கும் நடுவே அலைகிறவர். அவருடைய அப்பா திருநெல்வேலியிலிருந்து கார்டன் ரீச் ரயில்வே ஆபீஸுக்கு வேலைக்கு வந்தவர். இவர் பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கேதான். ஆபீஸில் தமிழ் பேச நாங்கள் இரண்டு பேர்தான்.

உத்தியோகஸ்தர்கள் தங்கள் அருமை பெருமைகளைச் சொல்லிக்கொள்வதற்கென்றே இணையத்தில் ஒரு தளம் இருக்கிறதல்லவா, அதில் தினமும் ஒரு பதிவு போடுவார். எல்லாம் இங்கிலீஷில். எதைப் பற்றி எழுதினாலும் 'தன்யனானேன்' என்ற அர்த்தத்தில்தான் ஆரம்பிப்பார். அதனால் எனக்கு அவர் தன்யன் அண்ணாச்சி, வங்காளிகளுக்கு தன்யோ-தா. அண்ணனை அவர்கள் தாதா என்பார்கள், சுருக்கினால் தா. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது.

"எம்மா, ஒரு போட்டோ எடு. நான் உன்னப் பாக்காத மாரி நிக்கேன்."

தினமும் காலையில் எனக்கு இதுதான் முதல் வேலை. போட்டோவில் எங்கோ தூரத்தில் எதிர்காலத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்தத் தூரத்தில் இருந்தது மாநகராட்சிக் குப்பைத் தொட்டி.

டீக்கடையில் மண் குவளை கை தவறி உடைந்தால், 'உடைவதற்கு அஞ்சாதவனே தலைவன்' என்று ஒரு பதிவு. மழைக்காலத்தில் கிடர்பூரே முழங்கால் தண்ணீரில் நிற்கும். பேண்ட்டை மடித்துக்கொண்டு நடுரோட்டில் இவர் போஸ் கொடுக்க, பின்னால் வந்த கைவண்டிக்காரர், "தள்ளி நில்லுங்க தாதா!" என்று கத்தினார். அன்று மாலை பதிவில், பெயர் சொல்ல விரும்பாத ஒரு வழிகாட்டி அண்ணாச்சியிடம் 'இருந்த இடத்திலேயே இருக்காதே' என்று அறிவுரை சொல்லியிருந்தார்.

அவர் மனைவியை நான் மதினி என்று கூப்பிடுவேன். ஒருநாள் போனில் கேட்டார்கள், "நேத்து எனக்குத் தேங்கா துருவித் தந்தாவ. அதையும் போட்டுட்டாவளாம்மா?"

போட்டிருந்தார். தலைப்பு, 'கூட்டு முயற்சி'.

இப்படியே போயிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. விஸ்வகர்மா பூஜை, அதாவது வங்காளத்து ஆயுத பூஜை, வந்தது.

அன்றைக்குத் துறைமுகப் பக்கம் யாரும் கருவியைத் தொட மாட்டார்கள். இயந்திரங்களுக்கெல்லாம் மாலை போட்டு ஓய்வு கொடுத்துவிடுவார்கள். மீறி ஓட்டினால் வருஷம் முழுக்க அந்த இயந்திரம் ஆளைக் காவு கேட்கும் என்று தொழிலாளர்களுக்கு ஒரு பயம். எங்கள் கால்குலேட்டர்கூடச் சாமி முன்னால் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கிடங்கில் மூட்டை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிக்கு அதன் டிரைவர் கார்த்திக்-தா மாலை போட்டு, சாவியை விஸ்வகர்மா காலடியில் வைத்துவிட்டார். கிச்சுரி என்கிற பருப்புச் சாதப் பிரசாதம் சாப்பிட்டானதும் எல்லோரும் பட்டம் விட மொட்டை மாடிக்குப் போய்விட்டார்கள்.

அண்ணாச்சி ஹெல்மெட் மாட்டிக்கொண்டு ஃபோர்க்லிஃப்ட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"சாவி இல்லையே அண்ணாச்சி?"

"போட்டோவுல சாவி தெரியாதும்மா. மாலைய மட்டும் கொஞ்சம் ஒதுக்கி விடு."

'ஊரே விடுமுறையில் இருக்கிறது. எங்கள் சக்கரங்களுக்கு ஓய்வில்லை. தன்யனானேன்' என்று பதிவு போட்டுவிட்டு, அரிசி மூட்டையில் சாய்ந்து தூங்கிப்போனார்.

மறுநாள் காலையில் வந்தால் கிடங்கு வாசலில் சுமைதூக்கும் ஆட்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். சரக்கு லாரிகள் தெருமுனை வரை நிற்கின்றன. கார்த்திக்-தா கையில் போன். அதில் அண்ணாச்சியின் போட்டோ.

"பூஜையன்னிக்கு என் வண்டிய ஓட்டினீங்களா, தன்யோ-தா?" என்று வங்காளத்தில் மெதுவாகத்தான் கேட்டார். அவருடைய அண்ணனுக்கு ஒரு கால் போனது கிரேனில் மாட்டித்தான். அதனால் அந்த மெதுவான குரலே எங்களுக்குப் போதும் என்றாகிவிட்டது.

"காளி சத்தியமா ஸ்டார்ட்டே பண்ணல!" என்றார் அண்ணாச்சி.

"அப்ப இதுல எழுதியிருக்கிறது பொய்யா?"

அண்ணாச்சிக்கு இரண்டு பக்கமும் இடி. ஓட்டினேன் என்றால் பாவம், ஓட்டவில்லை என்றால் பொய்.

"இங்க சொன்னாப் போதாது. எங்க போட்டீங்களோ அங்கயே சொல்லுங்க. துறைமுகம் பூரா பாத்துட்டாங்க" என்றார் கார்த்திக்-தா. அதற்குள் முதலாளி கோஷ் பாபு மாடியிலிருந்து இறங்கி வந்தார். மத்தியானத்துக்குள் இவர்கள் வேலைக்கு எழுந்திருக்காவிட்டால் நாளையிலிருந்து நீங்கள் வரவேண்டாம் என்று அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அண்ணாச்சிக்கு வயது ஐம்பதைத் தாண்டியாயிற்று. மகள் ஜாதவ்பூரில் காலேஜ் படிக்கிறாள். இனி இன்னொரு ஆபீஸில் யார் எடுப்பார்கள்?

டீக்கடை பெஞ்சில் அவரை உட்கார வைத்து, "எழுதுங்க அண்ணாச்சி" என்றேன்.

"வேல போனாக்கூட அத வச்சு ஒரு பதிவு போட்டுரலாம்மா. இத நான் எப்படிப் போடுவேன்?" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

ஒரு வழியாக எழுதி நீட்டினார். 'பலவீனத்தை ஒப்புக்கொள்வதே பலம்: தலைவர்களுக்கு ஐந்து பாடங்கள்.' அழித்தேன். மறுபடி எழுதினார். அதில் தொழில்நுட்பக் கோளாறால் ஒரு தவறான புரிதல் நேர்ந்திருந்தது. அதையும் அழித்தேன். டீக்கடைக்காரர் எங்களைப் பரிதாபமாகப் பார்த்தார். கடைசியில் அண்ணாச்சி எழுதியது இதுதான்: 'நேற்று நான் வேலை செய்யவில்லை. எனக்கு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டத் தெரியாது. இரண்டு தடவை கிச்சுரி வாங்கிச் சாப்பிட்டேன். பிறகு தூங்கினேன். கார்த்திக்-தா மன்னிக்க வேண்டும்.'

கார்த்திக்-தா அதை வங்காளத்தில் எல்லோருக்கும் உரக்கச் சொன்னார். 'ஓட்டத் தெரியாது' என்ற இடத்தில் வரிசை முழுவதும் சிரித்தது. கிச்சுரி பரிமாறியவர், "ரெண்டு இல்ல, மூணு தடவை!" என்று ஆட்சேபித்தார். அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டு அதையும் திருத்திப் போட்டார். ஆட்கள் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள்.

வேலை பிழைத்தது. ஆனால் அன்றோடு அண்ணாச்சி பதிவு போடுவதை விட்டுவிட்டார். விட்டது சனி என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. எங்கள் வேலையைப் பற்றி என் வீட்டில்கூட யாரும் ஒரு வார்த்தை கேட்டது கிடையாது. அதில் ஊருக்குச் சொல்ல ஏதோ இருக்கிறது என்று நம்பிய ஒரே ஆள் அவர்தான். அவர் வாயை மூடியதும் கிடங்கு வெறும் கிடங்காகிவிட்டது.

துர்கா பூஜைக்கு முன்னால் ஒரு ஆப்பிள் கண்டெய்னர் வந்தது. வந்த இடத்தில் அதன் குளிர்சாதனம் நின்றுபோனது. அண்ணாச்சி கொட்டுகிற மழையில் ஓடி ஒரு மெக்கானிக்கைப் பிடித்தார். பரிசோதனை அதிகாரிக்குக் குடை பிடித்து அழைத்து வந்தார். காலை உணவும் இல்லை, மதியச் சாப்பாடும் இல்லை. பழம் அழுகுவதற்குள் அனுமதி வாங்கி, சாயங்காலம் லாரியை அனுப்பிவைத்தார். தொப்பலாக நனைந்து வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, டீ குடித்தார். போனைத் தொடவே இல்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. அந்தத் தளத்தில் நான் அதுவரை ஒரு வரிகூட எழுதியதில்லை. அன்றைக்கு எழுதினேன்: 'இன்று எங்கள் அண்ணாச்சி நிஜமாகவே வேலை செய்தார். நான் பார்த்தேன்.'

அவர் அதைப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் வெகுநேரம் துடைத்தார்.

"என்னம்மா நீ," என்றார், "போட்டோ ஒண்ணும் போடலியே?"

அப்பாடா, ஆள் திரும்பி வந்துவிட்டார் என்று எனக்கு உயிர் வந்தது.