மூன்றாவது ஆட்டின் தலை

கோச்கோர்,
அக்டோபர் 19

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி சகினாலி அவர்களுக்கு,

நீங்களும் சம்பந்தியம்மாவும் நலமா? குதிரைகள் நலமா? மலை மேய்ச்சலிலிருந்து ஆடுகள் குறைவில்லாமல் இறங்கி வந்தனவா? நாங்கள் நலம் என்று எழுதுவது முறை, எழுதிவிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டு விருந்தில், இருபது பேர் பார்க்க, என்னை ஒரு கேள்வி கேட்டீர்கள்: “சம்பந்தி, என்ன செய்யறோம்னு தெரிஞ்சுதான் செய்யறீங்களா?” பெரிய மனிதர் என்று உங்களுக்குச் சேர வேண்டிய ஆட்டுத்தலையை, வாசலோரம் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த என் மருமகள், அதாவது உங்கள் மகள், பெர்மெட்டின் முன்னால் நான் வைத்திருந்தேன். நீங்கள் எழுந்து போய்விட்டீர்கள். எழுத்தில் மன்னிப்பு வராவிட்டால் அடுத்த ஞாயிறு வந்து மகளைக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லியனுப்பினீர்கள். முப்பத்தாறு வருடம் வேதியியல் நடத்தியவன் நான். கேள்விக்குப் பதில் எழுதாமல் விடும் பழக்கமில்லை.

பதில்: தெரியாமல்தான் செய்தேன். மறதி. மூளைக்கு ரத்தம் போதவில்லை.

ஆகஸ்டில் என் இடது கால் பெருவிரல் வீங்கிச் சிவந்ததே, நினைவிருக்கிறதா? போர்வை பட்டாலே உயிர் போயிற்று. நீங்கள்தான் வந்து பார்த்து, “ஒரு ஆட்டை அறுத்து, தோலைச் சூடு ஆறுறதுக்குள்ள கால்ல சுத்துங்க. எங்கப்பா மறுநாளே குதிரை ஏறினாரு” என்றீர்கள். அறுத்தோம். தோல் காலுக்கு, கறி என்ன ஆவது? ஊரைக் கூப்பிட்டோம், நானும் நாலு நாள் தின்றேன், வீக்கம் கணுக்காலுக்கு ஏறியது. “ஆடு சின்னது” என்றீர்கள். பெரிதாக அறுத்தோம், அதையும் தின்றோம், முழங்காலுக்கு வந்தது. இதற்குள் உங்கள் குதிரையின் பெயரை நான் மறந்துவிட்டேன் என்று, மூளைக்கு ரத்தம் ஓட, வால்நட் ஓட்டுக்குள் இருக்கும் தடுப்புகளை வோட்காவில் ஊறப்போட்டு ஒரு ஜாடி அனுப்பினீர்கள், வேளைக்கு ஒரு கிண்ணம். குடித்தால் தலை சுற்றியது. “பாத்தீங்களா, ஓடுது!” என்றீர்கள். ஓர் உதாரணம்: அடுப்பில் விறகை அள்ளிப் போட்டுக்கொண்டே அறை ஏன் வேகிறது என்று கேட்பவன். அவன்தான் நான்.

சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருக்கும் உங்கள் மகள் முதல் ஆட்டிலேயே சொன்னாள்: “மாமா, யூரிக் அமிலம் ஏறியிருக்கும்னு தோணுது. கறியும் வோட்காவும் அதைக் கிளப்பிவிடும். டவுனுக்குப் போய் ரத்தம் கொடுத்துட்டு வாங்க.”

“பெரியவங்க பேசுற இடத்துல மருமகளுக்கு என்ன வாய்?” என்றது யார் என்று மரியாதை கருதி எழுதவில்லை. கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். யூரிக் அமிலத்தின் வாய்பாட்டைக் கரும்பலகையில் எழுதியவனும் சேர்ந்து சிரித்தான். விரலைவிட அதுதான் வலிக்கிறது.

எனவே, மறதிக்காரனை மன்னியுங்கள். உங்கள் மந்தை பெருகட்டும், உங்கள் வீட்டில் ரொட்டி தீராதிருக்கட்டும்.

பணிவுடன்,
ஒர்மோன்

பி.கு.: மேலே உள்ளதை என் மனைவி பக்கத்தில் நின்று எழுத வைத்தாள். நான் மறக்கவில்லை. விருந்துக்காக மூன்றாவது ஆட்டை அறுத்த அன்று மதியம்தான், உங்களுக்குத் தெரியாமல் டவுனில் நான் கொடுத்துவிட்டு வந்த ரத்தத்தின் பரிசோதனை முடிவு வந்தது. பெர்மெட் சொன்னது அப்படியே சரி. இந்த வீட்டில் பெரிய மனிதர் யார் என்று பார்த்தேன், தலையை வைத்தேன். தெரிந்துதான் செய்தேன், சம்பந்தி. உங்கள் குதிரை பெயர் தோரு. அதன் பந்தயக் கதையை ஆறாவது முறை கேட்க வேண்டாமே என்றுதான் மறந்தேன்.

கடிதத்தைப் பெர்மெட்டிடம் காட்டினேன். “எனக்காகப் பொய் எழுதாதீங்க, மாமா. அப்பா வரட்டும். நான் எங்கேயும் போகல. அன்னிக்குக் கோபத்துல எழுந்து போனாரே, இடது காலை ஊனவே இல்ல, கவனிச்சீங்களா?” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். இடது பூட்ஸைக் கழற்றி, காலை உங்கள் மகளிடம் காட்டுங்கள்.