காலிங்பெல் ஒயரில் ஒரு கூடு

வாசலில் இருந்த காலிங்பெல் சுவிட்சைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார் கணபதிராமன்.

"யாராவது வந்தா எப்படித் தெரியுமாம்?" என்றாள் மனைவி மீனாக்ஷி.

"பெல் அடிச்சா ஒயர் அதிர்றது. ஒயர் அதிர்ந்தா கூடு ஆடறது. கூடு ஆடினா முட்டை என்னாறது?"

போர்ட்டிகோவில் பெல்லிலிருந்து தொங்கிய உபரி ஒயரின் நுனியில் தேன்சிட்டு கூடு கட்டியிருந்தது. கட்டியதெல்லாம் பெண்தான். ஆண் பக்கத்துக் கொடியில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தது. சிலந்தி நூலைக் கொண்டுவந்து சுற்றினால் அதுவே கயிறு, அதுவே பசை. நாரும் பஞ்சும் பட்டைத் தூளும் அதில் பிடித்துக்கொள்ளும். உள்ளே குஞ்சு வளர வளரப் பை கிழியாமல் இளகிக் கொடுக்கும். கூட்டின் வாசலுக்கு மேல் மழைக்கு ஒரு சின்ன சன்ஷேடு வேறு. ரயில்வே பட்டறையில் ஆயுசைக் கழித்த கணபதிராமன், ஆணியும் வெல்டிங்கும் இல்லாமல் இது நிற்பதைப் பார்த்து அசந்துபோனார்.

அசந்துபோனதோடு விட்டிருக்கலாம். பெங்களூரில் இருக்கும் மகள் பிரதிபாவிடம் போனில் சொல்லிவிட்டார்.

"எனக்குப் பார்க்கணும்பா. குஞ்சு பொரிச்சதும் வரேன்."

இவர்கள் இருக்கும் மைசூருக்கும் பெங்களூருக்கும் மூன்று மணி நேர ரயில். அவள் கடைசியாக வந்தது தசராவுக்கு. இப்போது மாம்பழம் வந்துவிட்டது. அந்தப் போனுக்குப் பிறகு கூட்டில் முட்டையோடு சேர்த்து மகள் வருகிற நாளும் இருந்தது.

பெல் இல்லாததால் காஸ் சிலிண்டர் வந்த சுவடு தெரியாமல் திரும்பிப் போயிற்று. ஈடுகட்டக் கணபதிராமன் பூஜை மணியைக் கேட்டில் கட்டினார். காற்றடித்த போதெல்லாம் அது அடித்தது. தாய்க்குருவி பதறி நந்தியாவட்டைக்கு ஓடியது. மணியை அவிழ்த்துக் கேட்டையே பூட்டினார். இனி எல்லாருக்கும் பின்சந்து, சமையலறை வழி.

மாடியில் குடியிருந்த மனிஷாவுக்குப் படிக்கட்டே போர்ட்டிகோவில்தான்.

"அங்கிள், ஆபீஸ்லேர்ந்து வந்து, உங்க கிச்சன்ல புகுந்து, குனிஞ்சு குனிஞ்சு படி ஏறணும். என் வீட்டுக்கே நான் திருட வர்ற மாதிரி இருக்கு."

"ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா. பிரதிபா வந்து பாத்துட்டுப் போகட்டும்."

அப்புறம் காக்கை வந்தது. அதை விரட்டக் கறுப்புக் குடையை விரித்துத் தொங்கவிட்டார். காக்கை அதன்மேலேயே உட்கார்ந்தது. தேன்சிட்டுதான் பயந்து வரவில்லை. குடையை இறக்கிவிட்டு, தானே கம்போடு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மத்தியானம் மீனாக்ஷியின் முறை.

"நம்ம பொண்ணுக்குக்கூட இப்படிக் காவல் இருந்ததில்லை," என்றாள் அவள்.

இரண்டு குஞ்சு பொரித்தது. "இந்த வாரம் ஆபீஸ்ல சாஃப்ட்வேர் ரிலீஸ் இருக்குப்பா," என்றாள் பிரதிபா போனில். கண் திறந்தது. "அடுத்த வாரம் கண்டிப்பா." இறகு முளைத்தது. அடுத்த வாரமும் போயிற்று.

ஒரு வியாழக்கிழமை காலையில் முதல் குஞ்சு வாசலில் வந்து எட்டிப் பார்த்தது. காபி ஆறுவதற்குள் இரண்டும் பறந்துவிட்டன. மீனாக்ஷி வெகுநேரம் நந்தியாவட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"போறச்சே திரும்பிக்கூடப் பார்க்கலை பாருங்கோ," என்றாள்.

அன்று சாயங்காலமே பிரதிபா கூப்பிட்டாள். "அப்பா, சனிக்கிழமை வரேன்."

கணபதிராமன் காலிக் கூட்டை அண்ணாந்து பார்த்தார். இத்தனை வாரம் வராதவள் இன்றைக்கா சொல்ல வேண்டும்? எதிரில் மீனாக்ஷி, சொல்லிவிடாதீர்கள் என்று இரண்டு கையையும் ஆட்டினாள்.

"வாம்மா. ரெண்டும் சௌக்கியமா இருக்குகள்," என்றார்.

சனிக்கிழமை காலை, மீனாக்ஷியின் பழைய போனில், யூட்யூபில் குருவிச் சத்தம் ஒன்றைத் தேடிப் பிடித்து, பெல் பெட்டிக்குப் பின்னால் செருகினார். பிரதிபா பையைக்கூட இறக்கவில்லை. கூட்டுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"கிட்ட போகாதேம்மா. அம்மாக்குருவி கோவிச்சுக்கும்."

"சத்தம் நன்னா கேக்கறதுப்பா."

கீச்சு கீச்சு என்றது கூடு. கீச்சு கீச்சு. பிறகு கனத்த ஆண்குரலில், ரிங் ரோடு அருகே இரண்டு பெட்ரூம் ஃப்ளாட் தயாராக இருப்பதாகக் கன்னடத்தில் அறிவித்தது.

மீனாக்ஷி கண்ணை மூடிக்கொண்டாள். கணபதிராமன் செருப்பைப் பார்த்தார்.

பிரதிபா மட்டும் முகம் மாறாமல், "குரல் நல்லா உடைஞ்சிருக்கேப்பா. சீக்கிரம் வளர்ந்துடுத்துகள்," என்றாள். "பரவாயில்லை, தூங்கட்டும். எனக்கு ஒரு வாரம் லீவு இருக்கு. மெதுவா பாத்துக்கறேன்."

ஒரு வாரம். மீனாக்ஷி கண்ணைத் திறந்தாள். கணபதிராமனுக்குச் சந்தோஷம் பாதி, பயம் பாதி. ஒரு வாரத்துக்கு எத்தனை விளம்பரம் வரும்?

அந்த நேரம் பார்த்து மனிஷா, மகளுக்காகத் திறந்துவைத்திருந்த முன்கேட்டு வழியாக, நிமிர்ந்த நடையில் கூட்டுக்குக் கீழேயே வந்தாள்.

"மனிஷா, பின்பக்கமா வாம்மா," என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தார் கணபதிராமன். "குஞ்சு பயந்துக்கும்."

"எந்தக் குஞ்சு அங்கிள்? வியாழக்கிழமையே கூடு காலி ஆயிடுச்சல்ல? பிரதிபா அக்காவுக்கு நான் போட்டோ அனுப்பினதும், 'இனிமே அப்பா அம்மா யாரைப் பாத்துண்டு உக்காந்திருப்பா'ன்னு கேட்டுட்டுத்தானே அக்கா டிக்கெட்டே போட்டாங்க."