தேனீக்களின் தோழர்

காப்பாற்ற வந்தவர் என்றொரு இனம் உண்டு. எங்கள் தெருவில் நம் ஆள் ஒருவர் இருக்கிறார்; உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். எதையாவது காப்பாற்றியே தீருவது என்று இவர் புறப்பட்டுவிட்டால், அதன் ஆயுசு அவ்வளவு கெட்டி இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு பழைய கல்லறைத் தோட்டம். கல்லில் வெட்டிய பெயர்கள் மழையில் தேய்ந்து, யாரும் எட்டிப் பார்க்காத இடம். அதனால்தான் அது பிழைத்துக் கிடந்தது. கல்லறைகளுக்கு நடுவே இடுப்புயரக் காட்டுச்செடிகள், மஞ்சளும் ஊதாவுமாகப் பூக்கள், மண்ணில் சின்னத் துளை போட்டுக் குடித்தனம் நடத்தும் தேனீக்கள். அவை சுவர் தாண்டி வந்துபோன புண்ணியத்தில்தான் நம் ஆளின் மனைவி மொட்டைமாடியில் போட்ட பூசணி காய்த்துக்கொண்டிருந்தது.

நகரத்தில் தேனீக்களுக்குப் போக்கிடம் இல்லை என்று எங்கோ படித்தார் நம் ஆள். உருகிப்போனார். சங்கம் தொடங்கி, தானே தலைவராகி, தேனீப் படம் போட்ட சட்டை தைத்து, மூச்சுக்கு முந்நூறு தடவை "நம்ம தேனீ, நம்ம தேனீ" என்று பேசத் தொடங்கினார். நேரில் ஒரு தேனீயைப் பார்த்திருக்கிறாரா? பார்த்தார். துண்டால் அடித்தார்.

"அது வேற. காதுகிட்ட வந்துடுச்சு" என்றார்.

கல்லறைத் தோட்டத்தைத் தேனீக்களின் சரணாலயமாக அறிவிக்க ஒரு விழா. விழா என்றால் விருந்தினர் வருவார்கள். வந்தால் நடக்கப் பாதை வேண்டும், உட்கார நாற்காலி வேண்டும், படம் எடுத்தால் பின்னால் பளிச்சென்று தெரிய வேண்டும். புல்வெட்டும் மெஷின் வந்து இறங்கியது.

"ஏங்க, செடியெல்லாம் வெட்டிட்டா தேனீ எங்கங்க போகும்?" என்று கேட்டார் மனைவி.

"வெட்டலைடி, சீர்படுத்தறோம். இப்படிக் காடு மாதிரி கிடந்தா எந்தத் தேனீ மதிச்சு வரும்?"

"மண்ணுல ஓட்டை ஓட்டையா இருக்கே சார்" என்றார் மெஷின்காரர்.

"எறும்பா இருக்கும். மருந்தடிச்சு மேல சிமென்ட் கல்லு பதிச்சுடுங்க. விருந்தாளியை ஏதாவது கடிச்சு வெச்சா சங்கத்து மானம் போயிடும்."

கல்லறைகளுக்கு வெள்ளை பெயிண்ட் அடித்தார்கள். உள்ளே இருந்தவர்கள் ஆட்சேபிக்கவில்லை. அவர்கள் சங்க உறுப்பினர்கள் அல்லவே. சுவரில் ஆளுயரத்துக்குச் சிரிக்கும் தேனீ ஒன்றை வரைந்தார்கள். பாதையோரம் தொட்டிகளில் பிளாஸ்டிக் பூ. ரிப்பன் வெட்டிய பிரமுகர், "ஒரு ஈ, கொசு கூட இல்லையே" என்று பாராட்டியபோது நம் ஆளுக்கு உச்சி குளிர்ந்தது. பாராட்டில் பொய்யே இல்லை. அங்கே ஒன்றுமே உயிரோடு இல்லை.

அதற்குப் பிறகு மாடியில் பூசணி பூத்தது, பிஞ்சு காட்டியது, மஞ்சளாகிச் சுருங்கி உதிர்ந்தது. விதை சரியில்லை என்றார் தலைவர். மண் சரியில்லை என்றார். வெயிலையும் ஒரு பிடி பிடித்தார். தன்னைத் தவிர எல்லாரையும் விசாரித்தாயிற்று.

மனைவி வாதாடவில்லை. சுவர்த் தேனீக்கு வர்ணம் அடித்து மிஞ்சிய பிரஷ்ஷைக் கழுவிக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார்.

"ஆண் பூவுல தொட்டு, பெண் பூவுல தடவுங்க. விடிஞ்சதும் செய்யணும். வெயில் ஏறினா பூ மூடிக்கும்."

"நானா?"

"அந்த வேலையைப் பார்த்தவங்களைத்தான் நீங்க காப்பாத்திட்டீங்களே."

இப்போது தினமும் காலையில், தேனீச் சட்டையோடு அவர் பூவுக்குப் பூ குனிந்து நிமிர்வதை என் ஜன்னலிலிருந்து பார்க்கிறேன். இடுப்பைப் பிடித்துக்கொள்கிறார். எனக்கு இரக்கம் வரவில்லை. அந்த மண்ணுக்குள் சிமென்ட் போட்டு மூடியவற்றை நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் வீட்டுக் காம்பவுண்டு ஓரத்தில் பெயர் தெரியாத செடி ஒன்று தானாக முளைத்துப் பூத்து நிற்கிறதே, நாளைக்கு விருந்தாளி வேறு வருகிறார்கள், "என்ன இது, காடு மாதிரி" என்று இன்று காலைதானே முணுமுணுத்தீர்கள்? தாராளமாகப் பிடுங்குங்கள். கடைக்குப் போகும்போது மட்டும் மறக்காமல் நல்ல பிரஷ் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.