உவர்க்காணி மண்கள்ளர்

வன்னியில் டிப்பர் டிப்பராக மணல் களவு போகிறது. ஆனால் உரப்பையில் மண்ணைத் திருடி, அதை இன்னொரு மண்ணுக்கு மருந்தாகப் போட்ட கள்ளன் உலகத்திலேயே ஒருவர்தான். தர்மபுரத்தில் அவருக்கு மண்கள்ளர் என்றே பெயர். தபால்காரரும் அப்படித்தான் கூப்பிடுவார்.

வேலை தேடி அலைந்தபோது அவருடைய கொட்டிலில் ஒதுங்கினேன். காணி களப்பு ஓரம். வெயில் ஏற ஏற நிலம் உப்புப் பூத்து வெளுக்கும். அதில் பயறு போடுவார். முளைக்கும், மஞ்சளாகும், சாகும். திரும்பவும் போடுவார்.

உப்புக்கு முந்திப் பாதியை அவரே கொன்றுவிடுவார். செடியைப் பிடுங்கி, வேர் முடிச்சை நகத்தால் நசுக்கிப் பார்ப்பார். உள்ளே சிவந்திருந்தால், கிருமி காற்றிலிருந்து பயிருக்கு உரம் எடுத்துக் கொடுக்கிறது என்று அர்த்தம். அவர் காணியில் எப்போதும் வெள்ளை. செத்தவீட்டிலும் கை சும்மா இராது. ஒருமுறை பிரேதம் வீட்டுப் படலை தாண்டும்போது, வேலியோரம் நின்ற பயற்றைப் பிடுங்கி, "நல்ல சிவப்பு, தம்பி!" என்று கத்தினார். பறை நின்றுபோனது.

"உங்கட காணியில கிருமி செத்துப்போச்சோ அண்ணை?"

"இல்லையடா, உயிரோடதான் கிடக்கு. உப்பு அதை வேருக்குள்ள போக விடுதில்லை. ஆமி பிடிச்சு வைச்சிருக்கேக்க முள்ளுக்கம்பிக்கு வெளியில நிண்டு எங்கட காணியைப் பாத்தமே, அது மாதிரி."

நல்ல மண்ணின் கிருமியாவது வேருக்குள் புகும் என்று நம்பி, விசுவமடுவின் தோட்டங்களிலிருந்து சைக்கிளில் மண் கடத்தினார். ஒருநாள் சந்தியில் பொலிஸ் மறித்தது.

"மூட்டைக்குள்ள என்ன?"

"கிருமி, ஐயா."

பொலிஸ்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "போ, போ" என்றார்.

மழைத் தண்ணீர் உப்பைக் கழுவிக்கொண்டு ஓட வாய்க்கால் வெட்டியிருந்தால் பயிர் பிழைத்திருக்கும். ஆனால் அந்தக் காணியில் மண்வெட்டி படக்கூடாது. சுள்ளியால் கீறித்தான் விதைப்பு. நான் மண்வெட்டியை ஓங்கியதும் பறித்து எறிந்தார்.

"என்ர மனிசியை இதுக்குள்ளதான் தாட்டனான். ஷெல் விழ விழ. அடையாளத்துக்கு வைச்ச கல்லையும் காணேல்லை. நீ எங்கையெண்டு வெட்டுவாய்?"

வவுனியாவிலிருந்து மகள் வந்தார். "இந்தமுறை ஒரு முடிச்சாவது சிவந்தால் இருங்கோ அப்பா. இல்லையெண்டால் என்னோட வாறியள்."

"ஓம்" என்றார்.

பயறு பூக்கும் நேரம் மகள் திரும்பவும் வந்தார். மூவருமாகக் காணி முழுவதையும் பிடுங்கினோம். எல்லாம் வெள்ளை. கடைசி முடிச்சை மகள் நசுக்கினார்.

"சிவப்புப் போலத்தான் கிடக்கு, அப்பா."

வாங்கிப் பார்த்தார். "கொம்மாவும் இப்பிடித்தான். வடிவாப் பொய் சொல்லத் தெரியாது."

பிறகு உரப்பையை எடுத்துக்கொண்டு காணி முழுக்க நடந்தார். எந்த இடம் என்று தெரியாததால், எல்லா இடத்திலும் கையால் ஒவ்வொரு பிடி அள்ளினார்.

மகளோடு புறப்பட்ட எங்கள் ஓட்டோவைச் சந்தியில் அதே பொலிஸ்காரர் மறித்தார். "திரும்பவும் கிருமியோ?"

"இல்லை ஐயா. இது களவெடுத்ததில்லை."

அவர் முகத்தைப் பார்த்த பொலிஸ்காரர் மூட்டையைத் தொடவேயில்லை.

இப்போதும் வழியில் பயற்றங்காணி கண்டால் ஒரு செடியைப் பிடுங்கி நசுக்கிப் பார்க்கிறேன். சிவந்திருந்தால் வவுனியாவுக்கு ஒரு போன் எடுப்பேன். அவர் குரலைத் தாழ்த்திக் கேட்பார்:

"எந்த இடமடா தம்பி? காவலுக்கு ஆள் நிக்குதோ?"